கோடை மழைக்குப் பின் குளத்தில் மீன்கள் செத்து மிதக்கின்றன: காரணத்தை எப்படி உறுதி செய்வது?

குளத்துமேட்டுக்காரன்:

வணக்கம். சூலூருக்குக் கிழக்கே, நொய்யல் வாய்க்காலிலிருந்து நீர் பெறும் குளம் ஒன்றின் கரையில் எங்கள் தோட்டம் இருக்கிறது. சித்திரை வெயிலில் நீர்மட்டம் மதகுக்கு வெகு கீழே இறங்கி, மீதியிருந்த நீரும் கரும்பச்சையாகக் கிடந்த நிலையில், சென்ற வாரம் ஒரு மாலை கோடை மழை கொட்டியது. மறுநாள் விடியலில் கட்லாவும் ரோகுவும் கரையெங்கும் செத்து ஒதுங்கியிருந்தன. அதற்கடுத்த நாள் ஜிலேபி மீன்களும் செத்தன. மழையைச் சாக்காக வைத்து யாரோ சாயக்கழிவைத் திறந்துவிட்டதாக ஊரார் சொல்கிறார்கள். பார்வையிட வந்த அலுவலர், ஆக்சிஜன் குறைவால் இயற்கையாக நடப்பதுதான் என்று சொல்லிவிட்டுச் சென்றார். குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரோ மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்ட ஆயத்தமாகிவிட்டார். ஆய்வக வசதி இல்லாத நாங்கள் இவர்களில் யார் சொல்வது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பண்ணைக்குட்டை:

இரண்டு செய்திகளைக் கேட்டறிந்து எழுதுங்கள் ஐயா. மீன்கள் எந்த நேரத்தில் தவித்தன? எந்த மீன்கள் சாகவில்லை?

நேரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பச்சை நீரில் உள்ள நுண்பாசி பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைத் தருகிறது. இரவில் அதுவும் மீன்களோடு சேர்ந்து அதே ஆக்சிஜனைச் சுவாசிக்கிறது. ஆகவே சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும் என்றால், 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். கட்லா, ரோகு போன்ற கெண்டை இன மீன்கள் நன்றாக இருக்க 5 மில்லிகிராம் வேண்டும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அவை மேலே வந்து வாயைத் திறந்து திணறத் தொடங்கும். இந்த நிலையில் குளிர்ந்த மழைநீர் விழுந்தால், அடியில் ஆக்சிஜனே இல்லாமல் சேற்றோடு கிடந்த நீர் மேல்நீரோடு கலந்துவிடுகிறது. மறுநாளும் மேகமூட்டமாக இருந்தால் பாசியால் இழப்பை ஈடுகட்ட முடியாது. பகல் பதினொரு மணிக்கு வந்து கருவியை நீரில் விட்டுப் பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

விராலும் தேளியும் காற்றையே நேரடியாகச் சுவாசிக்க வல்லவை. பெரிய கட்லா செத்து, விரால் உயிரோடு இருந்தால் ஆக்சிஜன் குறைவையே முதலில் ஐயப்பட வேண்டும். சிறிது பெரிது என்ற வேறுபாடின்றி, விராலும் உட்பட, நடுப்பகலில் சாகுமானால் நஞ்சைத் தேட வேண்டும்.

நூல்முறுக்கு:

தம்பி, நான் திருப்பூர்ச் சாய ஆய்வகங்களில் பல காலம் வேலை செய்தவன். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட நாளையும், அதற்கு முன் நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கிக் கிடந்த கிடப்பையும் பார்த்தவர்கள் ஊரார் சொல்வதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் சாயக்கழிவின் முதல் அடையாளம் உப்பு. நிறம் அதற்கு அடுத்ததுதான். வீட்டுக் குடிநீரைச் சோதிக்க வைத்திருக்கும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துச் சென்று, வாய்க்கால் குளத்தில் சேரும் இடத்திலும், நடுக்குளத்திலும், மதகருகிலும் பாருங்கள். சுத்திகரிக்காத சாயநீர் பல ஆயிரங்களில் காட்டும். வாய்க்கால் முகப்பில் மட்டும் எண் திடீரென்று ஏறியிருந்தால் உடனே மாதிரி எடுத்து வையுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: துணி வெளுக்கப் பயன்படும் குளோரின் மிகச் சிறிய அளவிலேயே மீனின் செவுளைப் பாழாக்கிவிடும், பிறகு வெயிலில் விரைவாகச் சிதைந்தும் போகும். மறுநாள் அகப்படவில்லை என்பதால் வரவே இல்லை என்று ஆகிவிடாது.

குளத்துமேட்டுக்காரன்:

இருவருக்கும் நன்றி. விடியற்காலை நான்கு மணிக்கே மீன்கள் மேலே வந்து திணறியதைக் காவலுக்கு இருந்தவர் பார்த்திருக்கிறார். விரால் ஒன்றுகூடச் சாகவில்லை. மூன்று இடங்களிலும் டிடிஎஸ் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கிறது. ஆனால் வாய்க்காலில் இப்போது வருவது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடைதான். அலுவலர் சொன்னதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டுமா?

பண்ணைக்குட்டை:

ஆக்சிஜன் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். இயற்கை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாம். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டர் சிதைவதற்கு 200 மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. நம் குளத்து நீரின் கொள்ளளவே ஏழரை மில்லிகிராம் என்னும்போது, ஒரு குடம் சாக்கடை இருபத்தைந்து குடத்துக்கு மேற்பட்ட நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். முதல் மழை, தெருச் சாக்கடையில் மாதக்கணக்கில் தேங்கிய கசடு முழுவதையும் ஒரே இரவில் அடித்துக்கொண்டு வந்திருக்கும். பாசி அவ்வளவு தடித்து வளர்ந்ததும் அந்தச் சாக்கடையிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உண்டுதான். 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோதும் கழிவுநீரைப் பற்றிய பேச்சே முன்னால் நின்றது.

சுண்ணாம்பை நிறுத்தச் சொல்லுங்கள். சாக்கடை கலந்த நீரில் அமோனியா இருக்கும். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை, அதாவது பிஎச் எண்ணை ஏற்றும். அது ஏற ஏற அமோனியா மீனைக் கொல்லும் வடிவத்துக்கு மாறும். 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குகூட அந்த வடிவில் இருக்காது. பிஎச் 9 ஆனால் ஏறத்தாழ பாதி மாறிவிடும். பிழைத்த மீன்களையும் கொல்வதற்கு அது போதும். அதற்குப் பதிலாக, இரவு முழுவதும் மோட்டார் வைத்துக் குளத்து நீரையே எடுத்துக் குளத்திலேயே உயரத்திலிருந்து பீய்ச்சி விடலாம். அந்த மூலையில் மீன்கள் ஒதுங்கிப் பிழைக்கும். மீன் தீவனம் போடுவதையும் நிறுத்த வேண்டும்.

செத்த மீன்களை அன்றன்றே அள்ளிக் கரைக்கு அப்பால், கிணறுகளுக்குத் தொலைவில் புதைத்துவிடுங்கள். நீரில் அழுகினால் அவையும் ஆக்சிஜனைக் குறைக்கும். கருவாட்டுக்கோ கோழித் தீவனத்துக்கோ யாரும் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீரின் மேல் பச்சைப் பெயிண்டு கொட்டியதுபோல் படலம் இருந்தால் ஆடு மாடுகளை அங்கே தண்ணீர் காட்டக் கூடாது. அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், அதன் நஞ்சு நீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது.

நூல்முறுக்கு:

மனு எழுதும்போது வெறுமனே "மாசு" என்று எழுதாதீர்கள். மீன் வாழும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கும் "டி" பிரிவின்படி ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, மீனைக் கொல்லும் வடிவிலான தனி அமோனியா (free ammonia) 1.2 மில்லிகிராமை மிஞ்சக் கூடாது, பிஎச் 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். இந்த எண்களைக் குறிப்பிட்டு, சூரியன் உதிக்கும் முன் மாதிரி எடுக்க வேண்டும் என்றும், வாய்க்கால் முகப்பில் தனியாக ஒரு மாதிரி வேண்டும் என்றும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் ஒருசேர எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் மாதிரியைக் கரையிலேயே மருந்து சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். புட்டியில் பிடித்து பஸ்ஸில் கொண்டுபோனால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.