மறுமொழி: டர்பன் பங்காளிகள், 60,000 ரூபாய் விஷயமாக

எல்லோருக்கும் வணக்கம்.

துபாய் அண்ணன் போட்ட கணக்கைப் பார்த்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த குடும்பத்துக்கு வம்சாவளி தேடித்தர ஒரு ஏஜென்ட்டுக்கு 60,000 ரூபாயாம், அதைச் சங்கப் பணத்திலிருந்து கொடுக்கலாமாம். வேண்டாம். கும்பாபிஷேகக் கணக்கே இன்னும் வரவில்லை, அது ஒரு பக்கம். தேட வேண்டிய காகிதம் போளூரில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட்டிடம் கிடையாது.

1860 நவம்பரில் டர்பனில் கரை சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் போட்டு வெள்ளைக்காரன் எழுதி வைத்திருக்கிறான். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு வரைக்கும். அந்தப் பட்டியல்கள் டர்பனில் காந்தி-லுதுலி ஆவண மையத்திலேயே இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பழைய கல்யாணப் பத்திரத்திலோ இறப்புப் பத்திரத்திலோ அந்த எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வடஆற்காடு ஜில்லா என்று மட்டும் இருந்தால் போதாது. அப்போது அதற்குத் தலைமையிடம் சித்தூர், இன்றைய ஆந்திரா ஊர்களும் அதில் அடக்கம். தாலுகாவும் கிராமமும் பொருந்த வேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போய் வந்த அத்தை சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மேலத்தெருவில் இடிந்து கிடக்கும் வீட்டைக் காட்டி, இதுதான் உங்கள் பாட்டன் வீடு என்று யாரோ சொல்ல, டர்பனிலிருந்து வந்த அந்த அம்மா மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு அழுதாராம். அந்த வீடு 1970-க்கு அப்புறம் கட்டியது, அது நம் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அவர்கள் கோயிலுக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது போட்டார்களா?

சித்தப்பா, அவர்கள் நிலத்தில் பங்கு கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கேட்டது குலதெய்வம் எது என்பதை மட்டும்தான். எங்கள் அப்பாவைத் தலைக்கட்டிலிருந்து தள்ளி வைத்தபோதும் இதே பேச்சைத்தான் கேட்டோம். கோபித்துக்கொண்டு மெட்ராஸ் பக்கம் போய்த் திரும்பாத சின்னப் பாட்டனுக்கு எங்கள் ஆயா படையலில் ஒரு இலை சேர்த்தே போடும், இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாமலே. அவர் வழி வந்தவர்களாக இருந்தால் ஊரே கூடி அழைக்க வேண்டும். இல்லையென்றால் அவர்களுடைய உண்மையான ஊரைக் கண்டுபிடிக்க உதவ வேண்டும்.

மேலத்தெரு வீட்டைப் பற்றிய உண்மையை இந்த வாரமே நான் அவர்களுக்கு எழுதிவிடுகிறேன். யாரும் தடை சொல்லாதீர்கள்.