மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வழியில் தகவல் எங்கே தொலைகிறது?

பொருநைக்கரை | இரவு 8.15

போன மாதம் அப்பாவுக்கு விடிகாலையில் நெஞ்சுவலி. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்து, ஒரு கை நிறைய மாத்திரை கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். தாலுகா மருத்துவமனையில் அடைப்பைக் கரைக்கும் ஊசி. அங்கிருந்து 108-இல் மருத்துவக் கல்லூரி. போன இடத்திலெல்லாம் என்னிடம்தான் கேட்டார்கள்: "என்ன மாத்திரை கொடுத்தாங்க? எத்தனை மணிக்கு?" நான் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன், எனக்கு என்ன தெரியும்? சீட்டு சட்டைப்பையில் வியர்வையில் நனைந்து, மருந்துப் பெயர் இருந்த வரியே மை பரவிப் போயிருந்தது. அப்பா கையில் ஊசிக்குழாய்மேல் ஒட்டிய பிளாஸ்டரில் யாரோ பேனாவால் "6.10" என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் ஊசி போட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

அப்பா இப்போது நலம். கவனித்தவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்றைக்கு வெளியூரில் விரல் வைத்தால் ரேஷன் அரிசி கிடைக்கிறது. நோயாளியின் விவரம் மட்டும் ஏன் மகனின் சட்டைப்பையில் போக வேண்டும்? எல்லா அரசு மருத்துவமனைக்கும் ஒரே கணினிப் பதிவு வேண்டும், காகிதம் ஒழிய வேண்டும். இதுதான் என் கட்சி.

இரவுப்பணி | இரவு 8.52

தம்பி, அப்பா பிழைத்தது சந்தோஷம். ஆனால் நான் எதிர்க்கட்சி. 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ்.

அந்த 6.10-ஐ எழுதியது என்னைப் போல ஒருத்தியாகத்தான் இருக்கும். கணினியில் ஏற்றியிருந்தால் அந்த நேரம் சரியாக வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? எங்கள் வார்டில் ஒரே பிரஷரை கேஸ் ஷீட்டில் ஒரு தடவை, ரிஜிஸ்டரில் ஒரு தடவை, கணினியில் ஒரு தடவை எழுதுகிறோம். ராத்திரி நெட் போய்விட்டால் நோட்டில் குறித்து வைத்து, விடிந்த பிறகு மொத்தமாக ஏற்றுவோம். கணினி காட்டும் நேரம் நான் நாற்காலியில் உட்கார்ந்த நேரம். பிளாஸ்டரில் இருப்பது ஊசி ஏறிய நேரம். எதை நம்புவீர்கள்?

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. ஒரே தாள், 19 கேள்விகள். கத்தி வைக்கும் முன்னால் அறையில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. கணினி தேவைப்படவில்லை. மனுஷர் மனுஷரோடு பேசியதில் வந்த பலன் அது.

துடிப்பு | இரவு 9.30

அக்கா, மருத்துவக் கல்லூரியில் அவசரப் பிரிவில் இருக்கிறேன். ஒரு காகிதத்தால் நோயாளியை முந்திக்கொண்டு வர முடியாது. ஈசிஜியால் முடியும். எனக்கு அதுதான் முக்கியம்.

நம் தமிழ்நாட்டில் மாரடைப்புக்கு ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்து, முடிவை 2017-இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியிட்டார்கள். சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் படம்பிடித்துப் பார்ப்பது) வசதி உள்ள ஒரு நடு மருத்துவமனையோடு இணைத்தார்கள். ஈசிஜி முன்னாலேயே போகும், 108 ஆளைக் கொண்டுபோகும், காப்பீடு செலவைத் தாங்கும். 2,420 நோயாளிகள். ஓர் ஆண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது வேறு. அடைப்பைத் திறக்கும் சிகிச்சை ஏதாவது ஒன்று கிடைத்தவர்கள் முன்னாலும் சுமார் 88 சதவீதம், பின்னால் 90. அதில் பெரிய மாற்றமே இல்லை. ஆஞ்சியோ கிடைத்தவர்கள்தான் 35-லிருந்து 61 சதவீதத்துக்கு ஏறினார்கள். அதாவது ஊசி முன்பும் இருந்தது. ஊசிக்கு அப்புறம் ஆளைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கும் கோர்வைதான் இல்லாமல் இருந்தது.

அப்புறம், நீங்கள் சொன்ன அதே பட்டியலை கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தினார்கள். 2014-இல் முடிவு வந்தது. இறப்பில் சொல்லும்படியான குறைவு இல்லை. தாள் அதே தாள்தான் அக்கா.

கட்டுமரம் | இரவு 9.41

மென்பொருள் ஆள் நான். 2021 செப்டம்பரிலேயே ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் வந்துவிட்டது. ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 14 இலக்க அடையாள எண்ணான ஆபா எண் அதற்குத்தான். எண் இருக்கிறது, சாலை இருக்கிறது, மருத்துவமனைகள் வண்டி ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. நர்ஸ் மூன்று தடவை எழுதுவது கணினியின் தவறு இல்லை. பழைய ரிஜிஸ்டரை யாரும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். புதியதைக் கொண்டுவரும்போது பழையதை எடுத்துவிட ஒருவருக்கு அதிகாரம் வேண்டும்.

இரவுப்பணி | இரவு 10.05

கட்டுமரம், கடைசி வரிக்குக் கையெழுத்துப் போடுகிறேன். மற்றதற்கு இல்லை. விடிகாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் 14 இலக்க எண் எங்கே இருக்கும்? மகனின் போனில், ஓடிபி வரும் எண் மருமகளுடையது, அவர் வீட்டில் தூங்குகிறார்.

டாக்டர் தம்பிக்கு: நீங்கள் காட்டியதும் திட்டத்துக்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று பார்க்கும் முன்-பின் ஒப்பீடு, நான் காட்டியதும் முன்-பின் ஒப்பீடு. உங்களுடையதில் ஈசிஜி அனுப்பும் கருவி ஜெயித்ததா, "பெட் இருக்கு, அனுப்புங்க" என்று சொல்ல அந்தப் பக்கம் ஓர் ஆள் இருந்தது ஜெயித்ததா?

ஒன்று சொல்கிறேன். பொருநைக்கரையின் அப்பாவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது மாநில அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்து மாத்திரைகளாகத்தான் இருக்கும். 2023 ஜூனிலிருந்து இருக்கிறது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. மொத்தம் 14. எல்லா ஊரிலும் ஒரே அளவு. "பதினாலும் கொடுத்தாச்சு" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால், லேத் பட்டறைக்காரர் அதை எந்த டாக்டரிடமும் ஒப்பித்திருப்பார்.

துடிப்பு | இரவு 10.22

ஆள்தான் ஜெயித்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆளுக்குப் பேசுவதற்கு ஒரு படம் கையில் இருந்தது. "நெஞ்சுவலி கேஸ் வருது சார்" என்று போன் வந்தால் நான் பெட் ஒதுக்க மாட்டேன். ஈசிஜியைக் கண்ணால் பார்த்தால் ஆஞ்சியோ செய்யும் கேத் லேபை எழுப்புவேன். ஊசி போட்டு 3 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ பார்க்க வேண்டும். அதனால்தான் அந்த 6.10-க்கு அவ்வளவு மதிப்பு.

இப்போது நடப்பது எனக்கும் பிடிக்கவில்லை. நோயாளி பெயரோடு ஈசிஜி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது, யார் யார் போனில் தங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் முறையான செயலி கேட்கிறேன்.

களத்துமேடு | இரவு 10.58

கிராம சுகாதார செவிலியர். இவ்வளவு நேரம் எல்லோரும் மேலே போகிற வழியைப் பற்றியே பேசினீர்கள். கீழே திரும்பி வருகிற வழி?

கர்ப்பிணிகளுக்கு பிக்மி எண் என்று அரசுக் கணினிப் பதிவு எண் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்கு அது கட்டாயம் என்பதால் தாயும் விடமாட்டாள், நானும் விடமாட்டேன். எந்தத் தாய் எந்த மாதத்தில் இருக்கிறாள் என்று என்னால் சொல்ல முடியும். அதனால் நான் கணினிக்கு எதிரி இல்லை.

ஆனால் ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து வீட்டுக்கு வந்தவரைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் வராது. போன வருடம் சர்க்கரை மாத்திரை விஷயமாக ஒரு வீட்டுக்குப் போனேன். பேச்சுவாக்கில் அவர் மனைவி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் அட்டைகள், பிரிக்காமல் இருந்தன. "வலி நின்னுடுச்சு, அதான் நிறுத்திட்டாரு" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரி மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். அந்த மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எழுதியவர் அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். அது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

செயலியோ சீட்டோ, எனக்குப் பரவாயில்லை. "இந்த ஆள் இன்று உங்கள் ஊருக்கு வருகிறார், இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்று எனக்குத் தமிழில் இரண்டு வரி வர வேண்டும். பார்த்தேன் என்று நான் பதில் போட்டால்தான் மருத்துவமனையில் அந்தக் கணக்கு முடிய வேண்டும்.

கட்டுமரம் | இரவு 11.06

பதில் வரும்வரை மூடாத கணக்கு. இதை எழுதுவது சுலபம் மேடம். பதில் வராவிட்டால் யார் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் அரசாணையில் சொல்ல வேண்டும்.

இரவுப்பணி | இரவு 11.10

அந்த ஆளும் நர்ஸாகத்தான் இருக்கப் போகிறார். அதற்கு ஒரு பணியிடம் போடுங்கள், நான் கட்சி மாறுகிறேன். ஆள் போடாமல் செயலி மட்டும் கொடுத்தால் மாறமாட்டேன்.

பொருநைக்கரை | இரவு 11.34

களத்துமேடு அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து போய் அப்பாவின் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். அட்டையில் இரண்டு நாள் மாத்திரை அப்படியே இருக்கிறது. கேட்டால், வயிறு எரிகிறது என்று விட்டுவிட்டாராம். டிஸ்சார்ஜ் சீட்டில் முத்திரை இருக்கிறது, கூப்பிட ஒரு போன் நம்பர் இல்லை. இப்போது என்ன செய்வது?

துடிப்பு | இரவு 11.37

இன்றையதை இப்போதே கொடுங்கள். விட்டதையும் சேர்த்து இரண்டாகக் கொடுக்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள், போனால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு. இல்லையென்றால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-க்குக் கூப்பிட்டும் கேட்கலாம், காலையில் இதயப் பிரிவு ஓபிக்கு அட்டையோடு அழைத்து வாருங்கள். வயிற்றெரிச்சலுக்குத் தனி மாத்திரை இருக்கிறது.