லிங்கன் சுரங்கப்பாதை எங்கே போனது? 'தி ஸ்டாண்ட்' தொடர் பற்றிய விவாதம்

கரிசல்வாசகன்:
நீண்ட நாவல்களைத் திரைக்குக் கொண்டுவருவது பற்றிய இழையில் நிழல்திரை எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கொள்ளைநோயில் உலகமே அழிய, மிஞ்சியவர்கள் நல்லது, கெட்டது என்று இரு பக்கமாகத் திரளும் கதை ஸ்டீபன் கிங்கின் 'தி ஸ்டாண்ட்'. அந்த நாவலை 2020-இல் ஒன்பது பகுதித் தொடராக எடுத்தவர்கள், கொள்ளைநோய்ப் பகுதியை உடைத்துச் சிதறடித்துவிட்டுக் கதையை நடுவிலிருந்து தொடங்கினார்கள். அதைப் 'புத்திசாலித்தனம்' என்கிறார் இவர். கொள்ளைநோய் 'வெறும் முன்கதை'யாம்.

அந்த முன்கதைக்குள்தான் லிங்கன் சுரங்கப்பாதை இருக்கிறது. நியூயார்க்கே பிணக்காடாகிவிட்டது. லாரி என்ற பாடகன் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ஓடும் அந்தச் சுரங்கப்பாதை வழியாக நியூஜெர்சிக்குப் போக வேண்டும். விளக்கு கிடையாது. கையில் ஒரு சிகரெட் லைட்டர். இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நிற்கும் கார்கள், ஒவ்வொன்றிலும் பிணங்கள். கூட வந்த ரீட்டாவிடம் கோபப்பட்டு அவளை வெளியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். இருட்டில் பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. திகில் இலக்கியத்தில் இதற்கு இணையான பக்கங்கள் மிகக் குறைவு.

2020 தொடரில் அந்தச் சுரங்கப்பாதை இல்லை. பாதாளச் சாக்கடையும் எலிகளும்தான் இருக்கின்றன. இது புத்திசாலித்தனமா?

நிழல்திரை:
நான் எழுதியது கதையமைப்பு பற்றி. நீங்கள் ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். 1990-இல் வந்த முழுப் பதிப்பு ஆயிரத்து நூறு பக்கங்களுக்கு மேல். டெக்சாஸ், மெய்ன், நியூயார்க், நெப்ராஸ்கா, லாஸ் வேகாஸ் என்று ஊர் ஊராகப் பாத்திரங்கள். அத்தனை பேரையும் வரிசையாக அறிமுகப்படுத்தினால் நாலாவது பகுதி வரை யாரும் யாரையும் சந்திக்க மாட்டார்கள். பிழைத்த நல்லவர்கள் கூடும் போல்டர் நகரில், பிணங்களை அப்புறப்படுத்தும் குழுவில் ஹரால்டு என்ற பையனைக் காட்டித் தொடங்கியது நல்ல முடிவு. முகமூடியோடு தேவாலயக் கதவைத் திறந்து உள்ளே போகிறார்களே, அந்த முதல் காட்சி ஒன்றே போதும், உலகத்துக்கு என்ன ஆனது என்று புரிந்துவிடுகிறது.

கரிசல்வாசகன்:
'புரிந்துவிடுகிறது.' சிக்கலே அதுதான். திகில் கதையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டால் அப்புறம் எதற்குப் பயப்படுவது? லாரி போல்டர் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று முதலில் காட்டிவிட்டு, பின்னோக்கிப் போய் அவனைச் சாக்கடையில் இறக்குகிறார்கள். அவன் தப்பிப்பான் என்று குழந்தைக்கும் தெரியும். சுரங்கப்பாதையின் உயிரே அவன் வெளியே வருவானா என்ற கேள்விதான்.

பழையபேப்பர்:
இருவருக்கும் ஒன்று. இதே நாவல் 1994-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் மிக் காரிஸ் இயக்கத்தில் நான்கு இரவுகளாக வந்ததே, அதை ஏன் யாரும் பேசவில்லை? திரைக்கதை கிங்கே எழுதியது. வரிசை மாறாமல் சொல்லியிருப்பார். முதல் இரவின் தலைப்பே 'கொள்ளைநோய்'. ஆய்வுக்கூடத்துக்குள் ஊழியர்கள் இருந்த இடத்திலேயே செத்துக் கிடக்க, பின்னணியில் ஒரு ராக் பாட்டு ஒலிக்க, கேமரா மெல்ல நகரும். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

நிழல்திரை:
1994 தொடரில் வில்லன் ஃப்ளாக் பேயாக உருமாறும் காட்சிகளை இன்று பார்த்தீர்களா? எனக்குச் சிரிப்புதான் வந்தது. கிங் எழுதினார் என்பதும் பெரிய தகுதியில்லை. ஓர் ஓட்டலில் நடக்கும் அவருடைய 'தி ஷைனிங்' நாவலை 1980-இல் இயக்குநர் குப்ரிக் தன் போக்கில் எடுத்தார், கிங்குக்குப் பிடிக்கவில்லை. 1997-இல் கிங்கே திரைக்கதை எழுதி, இதே மிக் காரிஸ் இயக்கி, மூன்று பகுதிகளாக மறுபடி எடுத்தார்கள். உலகம் எதை நினைவில் வைத்திருக்கிறது?

கரிசல்வாசகன்:
குப்ரிக்கை இழுக்காதீர்கள். குப்ரிக் அந்த ஓட்டலைத் தூக்கிவிட்டு மாட்டுக்கொட்டகை வைக்கவில்லை. இவர்கள் சுரங்கப்பாதையைத் தூக்கிவிட்டுச் சாக்கடை வைத்தார்கள்.

தேன்சிட்டு:
நான் நாவலைப் படித்ததில்லை, 2020 தொடரை மட்டும் பார்த்தேன். கொரோனா நேரத்தில் வந்ததால் நோயை அதிகம் காட்டக் கூடாது என்று குறைத்திருப்பார்களோ?

கரிசல்வாசகன்:
இல்லை அம்மா. வான்கூவரில் படப்பிடிப்பு முடிந்தது 2020 மார்ச்சில். திரைக்கதை அதற்கும் வெகுகாலம் முன்பே முடிந்துவிட்டது. கொரோனாவைக் காட்டி இவர்களைக் காப்பாற்ற முடியாது. கேட்க வேண்டிய கேள்வியே வேறு. நாமெல்லாம் இருமல் சத்தத்துக்கு நடுங்கிக்கொண்டிருந்த டிசம்பரில் இந்தத் தொடர் வெளிவந்தது. நாவலில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. டெக்சாஸ் ரோந்துப் போலீஸ்காரர் ஒருவர் வேகமாக வந்த காப்பீட்டு முகவரை நிறுத்தி அபராதச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். சீட்டோடு சேர்த்து நோயையும் கொடுத்துவிடுகிறார். அந்த முகவர் கலகலப்பான மனிதர், போகிற இடமெல்லாம் நின்று பேசுகிறவர். நாற்பது பேருக்கு மேல் பரப்பிவிடுகிறார். அவர்களிடமிருந்து இன்னும் பலருக்கு. இதை அப்படியே எடுத்திருந்தால் 2020-இல் பார்த்தவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டிருக்கும். சுரங்கப்பாதையையும் எடுத்திருந்தால்...

நிழல்திரை:
மறுபடியும் சுரங்கப்பாதை. சென்ற ஆண்டு கிங்கின் 'இட்' நாவல் பற்றிய இழையிலும் இதே கதைதான். நாவலில் சிறுவர்களின் காலமும் பெரியவர்களின் காலமும் பின்னிப் பின்னி வரும். 2017-இல் அதைப் பிரித்துச் சிறுவர்கள் கதையை மட்டும் தனிப்படமாக எடுத்தார்கள். நீங்களும் பாராட்டி எழுதினீர்கள். அங்கே வரிசையை மாற்றலாம், இங்கே மாற்றக் கூடாதா? இது என்ன நியாயம்?

கரிசல்வாசகன்:
அந்த இழையில் நீங்கள் எனக்குப் பதில் சொல்லாமல் பாதியில் போனதை நான் மறக்கவில்லை. இப்போது பதில் சொல்கிறேன். 'இட்' நினைவு பற்றிய நாவல். மறந்ததைத் திரும்பப் பெறுவதுதான் கதை, அதனால் காலம் முன்னும் பின்னும் போகிறது. 'தி ஸ்டாண்ட்' பயண நாவல். ஆள் ஆளாகச் சாகிறார்கள், மிஞ்சியவர்கள் நடக்கிறார்கள், நடந்து நடந்து மாறுகிறார்கள். லாரி சுயநலக்காரனாக நியூயார்க்கில் தொடங்குகிறான். செருப்பு கடித்துக் கால் புண்ணான ரீட்டாவைத் திட்டுகிறான். தனியாகச் சுரங்கப்பாதைக்குள் போகிறான். அந்தக் காலடிச் சத்தம் ரீட்டாவுடையதுதான் என்று தெரியும்போது அவனுக்குள் ஏதோ உடைகிறது. அந்த உடைசல் இருந்தால்தான் கடைசியில் அவன் வில்லனை எதிர்கொள்ள லாஸ் வேகாஸுக்கு நடப்பதற்கு அர்த்தம் உண்டு. நடந்த வழியைக் கலைத்துப் போட்டால் மனிதன் எங்கே மாறினான் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

பழையபேப்பர்:
ஹரால்டுக்கும் இதேதான். பருத்த, முகப்பரு நிறைந்த பையன். ஃபிரானி என்ற பெண் மேல் ஒருதலைக் காதல். போல்டரில் பிணக்குழுவில் சேர்ந்தபோது சக மனிதர்கள் அன்பாக ஒரு செல்லப்பெயர் வைக்கிறார்கள். அவன் நல்லவனாகியிருக்கக் கூடிய கணம் அது. நாவலில் அங்கே நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

நிழல்திரை:
ஹரால்டு 2020 தொடரில்தான் சிறப்பாக வந்திருக்கிறான். ஓவன் டீக் என்ற இளைஞன் அந்தப் பொய்ச்சிரிப்பைச் செய்து காட்டியதை விட்டுவிட்டு எதை எதையோ பேசுகிறீர்கள். 1994 ஹரால்டு நாடக மேடை நடிப்பு.

தேன்சிட்டு:
நிக் பாத்திரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். காது கேளாத, வாய் பேசாத பாத்திரத்துக்குக் கேட்கும் திறனுள்ள நடிகரைப் போட்டதாகக் காது கேளாத கலைஞர்கள் கண்டனம் தெரிவித்தார்களே. எனக்கு அதுதான் பெரிய தவறாகப் படுகிறது.

பழையபேப்பர்:
நியாயமான கண்டனம். 1994-இலும் ராப் லோ தானே நடித்தார்.

கரிசல்வாசகன்:
அது தனி இழைக்கு உரியது, தொடங்குங்கள், வருகிறேன். நிழல்திரை இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சாக்கடை எந்த வகையில் சுரங்கப்பாதையைவிட மேல்?

நிழல்திரை:
பதில் இதோ. ஒரு முழுச் சுரங்கப்பாதையில் நூற்றுக்கணக்கான கார்களை நிறுத்திப் படமெடுப்பதற்குப் பெரும் பணம் வேண்டும். அதைவிட முக்கியம், இருட்டில் ஒருவன் நடப்பது எழுத்தில்தான் பயம். திரையில் எதையாவது காட்டியாக வேண்டும். எலி தெரியும், தண்ணீர் தெரியும், குறுகலான குழாய் தெரியும். கிங்குக்கே இந்தத் தொடரில் வருத்தமில்லை, கடைசிப் பகுதியை அவரே எழுதிக் கொடுத்தார்.

கரிசல்வாசகன்:
கிங் எழுதியது பெரிய தகுதியில்லை என்று நீங்கள்தானே மேலே எழுதினீர்கள்? உங்களுக்கு வேண்டும்போது தகுதி, வேண்டாதபோது இல்லையா? அவர் எழுதியது ஒன்பதாவது பகுதி. சாக்கடை வந்தது இரண்டாவது பகுதியில். அதற்கு அவர் பொறுப்பாளி அல்ல.

'எதையாவது காட்டியாக வேண்டும்' என்பதற்கு வருகிறேன். லைட்டர் சுடர் எட்டும் தூரம் வரை மட்டும் காட்டுங்கள். ஒரு கார்க் கண்ணாடி, அதற்குள் ஒரு கை. சுடர் அணைகிறது. திரை கறுப்பு. காலடிச் சத்தம். இதற்கு நூறு கார் எதற்கு? பத்துக் கார் போதும். பணமில்லை என்று சொல்கிறவருக்கு இதைவிட மலிவான பயம் கிடைக்குமா?

பழையபேப்பர்:
இந்த யோசனை நன்றாக இருக்கிறது. ஆனாலும் மூன்று மணி நேரச் சினிமாவுக்கு இந்த நாவல் ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்வீர்கள்தானே? இயக்குநர் ரொமேரோ எண்பதுகளில் முயன்றார், பிறகு வார்னர் படநிறுவனத்தில் ஆள் மாற்றி ஆள் மாற்றி முயன்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

நிழல்திரை:
பத்துக் கார் போதும் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்வது சுலபம். நீங்கள் ஒரு குறும்படமாவது எடுத்திருக்கிறீர்களா?

கரிசல்வாசகன்:
சமைக்கத் தெரிந்தவன்தான் உப்பில்லை என்று சொல்ல வேண்டுமா? நாவலை நீங்கள் முழுதாகப் படித்தீர்களா, அதைச் சொல்லுங்கள். 1978-இல் பதிப்பகம் ஏறத்தாழ நானூறு பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு வெளியிட்ட பதிப்பா, 1990 பதிப்பா? நோயில் தப்பியும் கிணற்றில் விழுந்து, குளிர்பதன அறையில் மாட்டிக்கொண்டு அநாதையாகச் சாகிறவர்களின் அத்தியாயத்தைப் படித்தவர் யாரும் கொள்ளைநோயை 'வெறும் முன்கதை' என்று எழுத மாட்டார்.

நிழல்திரை:
முழுப் பதிப்புதான், அதுவும் உங்களுக்கு முன்பே. 'வெறும் முன்கதை' என்ற என் கருத்தில் மாற்றமில்லை. நாவல் தொடங்குவதே போல்டரில்தான்.

கரிசல்வாசகன்:
போல்டரில் தொடங்குகிறதா! அப்படியானால் அதற்கு முன்னால் உள்ள நூற்றுக்கணக்கான பக்கங்களை எதற்கு எழுதினார்? இன்று இரவு சுரங்கப்பாதை அத்தியாயத்தை இங்கே பகுதி பகுதியாக விளக்கி எழுதப் போகிறேன். ஒவ்வொரு பத்திக்கும் தொடரில் என்ன ஈடு இருக்கிறது என்று நிழல்திரை சொல்லட்டும்.

தேன்சிட்டு:
நிக் பற்றித் தனி இழை தொடங்கிவிட்டேன். யாராவது வருவீர்களா?

நிழல்திரை:
எழுதுங்கள். நானும் தேவாலயக் காட்சியை ஷாட் ஷாட்டாக எழுதுகிறேன்.