புதுப்பிப்பு: பர்மிங்காம் 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, அளந்த பிறகு

சுருக்கம்: முன்பு கேட்டது, குழலுக்குள் துருக் குழியெல்லாம் தேய்த்துப் பளபளக்கும் இந்தப் பழைய துப்பாக்கியை வாங்கலாமா என்று. இப்போது அளவுகள் கிடைத்துவிட்டன. வாங்கக் கூடாது.

ப்ரூஃப் (குழலை அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கும் சட்டச் சோதனை) முத்திரையில் உள்விட்டம் 0.729 அங்குலம். தோட்டா போடும் பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் இப்போது 0.742. முத்திரை அளவைவிட 0.010 அங்குலத்துக்கு மேல் விரிந்தால் ப்ரூஃப் செல்லாது; அப்படிப்பட்டதை விற்பதே பிரிட்டனில் குற்றம், 1868 சட்டப்படி. ஆக, பளபளப்புதான் வில்லங்கம்: குழியைத் தேய்த்து எடுக்கும்போது இரும்பும் சேர்ந்தே போகிறது.

சுவர்க்கனம், அதாவது குழல் சுவரின் தடிப்பு, தனிக் கதை. அதற்குச் சட்டம் குறைந்தபட்சம் எதுவும் சொல்வதில்லை; 0.020 அங்குலம் என்பது தொழில் வழக்கம். இடக்குழலில் 10 அங்குலத்தில் 0.017 மட்டுமே, இடக்கை விரல்கள் பிடிக்கும் இடத்தருகே. உள்விட்டம் சரியாக இருந்தும் சுவர் மெலிந்திருக்கலாம், ஏனென்றால் நெளிவை எடுத்தபின் வெளியே அரம் போட்டிருப்பார்கள். அதனால் சுவர் அளவியால் சுற்றிலும் நான்கு இடத்தில் அளக்க வேண்டும். துளை மையம் விலகியிருந்தால் ஒரு பக்கம் தடிப்பாகக் காட்டி ஏமாற்றும்.

"மென்மையான தோட்டா போடலாமே" என்றவர்களுக்கு: அழுத்தம் குறையும், சுவர் தடிக்காது. சின்ன நெளிவு விழுந்தாலே அந்த இடம் கிழியக்கூடும்.

சரிசெய்ய ஒரு வழி ஸ்லீவிங். பின்முனையில் சுமார் 3 அங்குலம் விட்டு வெட்டி, புதுக் குழாய் பொருத்தி, மறுபடி ப்ரூஃப் செய்ய வேண்டும். சாதாரணத் துப்பாக்கிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. கொடுத்திருந்த பணத்தைத் திருப்பிக் கேட்டாயிற்று.