ஈரோஸை முதலில் கண்டது யார்?

செந்தூல்வாசி: நேற்று நம் புலனக் குழுவில் ஒருவர், "சூரியனைச் சுற்றும் சிறு பாறையான ஈரோஸ் குறுங்கோளைக் கண்டுபிடித்தவர் பிரான்சின் வானியலாளர் சார்லுவா, பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் பெர்லின்காரர்" என்று போட்டிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1898 ஆகஸ்ட் 13 இரவு, பெர்லின் உரானியா வானாய்வகத்தில் குஸ்தாவ் விட் வேறொரு குறுங்கோளுக்காக இரண்டு மணி நேரம் படமெடுத்தார். புகைப்படத் தகட்டில் நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்க, ஒன்று மட்டும் நகர்ந்ததால் கோடாக விழுந்திருந்தது. அதுதான் ஈரோஸ். முதலில் அறிவித்ததும் அவரே.

ஆயர் ஈத்தாம் ராஜா: போட்டது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அதே இரவு நீஸ் நகரில் சார்லுவாவும் படமெடுத்தார். அதே இரவு! அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

செந்தூல்வாசி: படம் எடுத்தால் போதுமா? பார்த்துச் சொல்ல வேண்டாமா?

ராஜா: அதே இரவா, இல்லையா?

ஈப்போ ரோடு அக்கா: அறிவியல் விழாவுக்கு என் மகன் ஈரோஸைக் களிமண்ணில் உருண்டையாகப் பிடித்திருக்கிறான். சரிதானே தம்பி?

செந்தூல்வாசி: உருண்டை இல்லை அக்கா, நடுவில் ஒடுங்கிய வேர்க்கடலை மாதிரி. நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 11தான். ஐந்தேகால் மணிக்கு ஒருமுறை சுழல்கிறது. நீளப்பக்கம் திரும்பினால் பளிச்சென்று தெரியும், முனை திரும்பினால் மங்கும். 2000இல் நாசாவின் நியர் விண்கலம் அதைச் சுற்றத் தொடங்கியது. இறங்குவதற்காகச் செய்த கலமே இல்லை, ஆனாலும் 2001 பிப்ரவரி 12 அன்று மெதுவாகத் தரைதொட்டு, அங்கிருந்தும் தகவல் அனுப்பியது. கடைசிப் படம் வெறும் 120 மீட்டர் உயரத்திலிருந்து! கல்லும் மண்ணும் அப்படியே தெரியும். இத்தனைக்கும் தொடக்கம் விட் எடுத்த தகடு.

ராஜா: கட்டுரையே எழுதிவிட்டீர்கள். அதே இரவுக்குப் பதில் எங்கே?

செந்தூல்வாசி: 2019 டிசம்பர் சூரிய கிரகணம் உங்கள் பினாங்கில் முழு வளையமாகத் தெரியும் என்று அடித்துச் சொன்னவருக்கு நான் பதில் சொல்லவா? அன்று அங்கே தெரிந்தது பகுதி கிரகணம்.

ராஜா: அதை ஏன் இப்போது இழுக்கிறீர்கள்? கோளரங்கம் பக்கத்தில் இருந்தால் கோலாலம்பூர்காரர்களுக்கு வானமே சொந்தமா?

பிறைக்காரன்: பினாங்கை இழுக்காமல் பேசத் தெரியாதா?

அக்கா: நடுவில் எவ்வளவு அமுக்கச் சொல்ல?

செந்தூல்வாசி: கொஞ்சம் அமுக்கினால் போதும் அக்கா. ராஜா, முதலில் அறிவித்தவர் விட். நூறு முறை கேட்டாலும் விட்.

ராஜா: அதே இரவு.