ஸ்கைரிம் டி டிரைவில், மாட்கள் சி டிரைவில்

கேள்வி: ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கேம் டி டிரைவில் இருக்கிறது. மாட்களை (கேமை மாற்றும் கூடுதல் ஃபைல்கள்) நிர்வகிக்கும் வோர்டெக்ஸ் மென்பொருளின் ஸ்டேஜிங் ஃபோல்டர், அதாவது அது மாட்களைச் சேர்த்து வைக்கும் இடம், சி டிரைவில். ஒரே ஃபைலை நகலெடுக்காமல் இரண்டு இடங்களில் இருக்கச் செய்யும் ஹார்ட்லிங்க் முறையைத் தேர்ந்தெடுக்கவே விடவில்லை. என்ன செய்யலாம்?

பழைய_வில்லாளி: விடாது. ஹார்ட்லிங்க் ஒரே பார்ட்டிஷனுக்குள், அதாவது ஒரே டிரைவுக்குள்தான் செல்லும். செட்டிங்ஸில் மாட்ஸ் பகுதிக்குப் போய் ஸ்டேஜிங் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றுங்கள். போட்டிருக்கும் மாட்களை வோர்டெக்ஸே நகர்த்திவிடும். தயவுசெய்து கேம் ஃபோல்டருக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

இரவுக்காவலன்: நான் வோர்டெக்ஸுக்கு மாற்றான மாட் ஆர்கனைசர் 2 கட்சி. அது கேமின் டேட்டா ஃபோல்டரில் எதையும் கொட்டாது. கேம் ஓடும்போது மட்டும் மாட்கள் அங்கே இருப்பதாகக் காட்டும். ஆனால் கேமை அதற்குள்ளிருந்தே தொடங்க வேண்டும்.

கேட்டவர்: ஸ்டேஜிங் ஃபோல்டரை மாற்றினேன், டிப்ளாய் ஆகிவிட்டது (மாட்கள் கேமில் சேர்ந்துவிட்டன)! சில மாட்களுக்குத் தேவைப்படும் எஸ்கேஎஸ்இ (ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்) ஃபைல்கள் எங்கே போகும்?

பழைய_வில்லாளி: லோடரும் டிஎல்எல்லும் கேமின் எக்ஸ்இ இருக்கும் இடத்தில். ஸ்கிரிப்ட்கள் டேட்டாவுக்குள். அப்புறம் லோடர் வழியாகவே கேமைத் திறங்கள்.