புதுப்பிப்பு: ஆறு பேர் வேலை செய்யும் பல் மருத்துவமனையில் பாலியல் துன்புறுத்தல் புகார்

எங்கள் மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை வந்துபோகும் சிறப்பு மருத்துவர்மீது உதவியாளர் ஒருவர் புகார் கூறியபோது, இத்தகைய புகார்களைப் பணியிடத்திலேயே விசாரிக்கும் உள்ளகக் குழு இல்லாத சிறிய இடத்தில் யாரிடம் செல்வது என்று முன்பு கேட்டிருந்தேன். "பத்துப் பேருக்குக் குறைவென்றால் சட்டம் பொருந்தாது" என்று சிலர் பதிலளித்தீர்கள், அது சரியன்று. பத்துப் பேருக்குக் குறைவான பணியிடங்களின் புகார்களையும், முதலாளியின் மீதே எழும் புகார்களையும் விசாரிப்பதற்காகவே பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழுவை ஏற்படுத்தியிருக்கிறது.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் வழியாக அந்த உதவியாளரின் எழுத்துப் புகார் குழுவிடம் சேர்ந்துவிட்டது. சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் தரவேண்டும் என்பதால், எங்களுக்குள் பேசித் தீர்ப்போம் என்று நாள் கடத்துவது அவருடைய உரிமையையே பறித்துவிடக்கூடும். சமரசத்தை அவர் விரும்பினால் மட்டுமே குழு முயலலாம். அப்போதும் பணம் அதன் அடிப்படையாக இருக்கக் கூடாது.

விசாரணைக் காலத்தில் இடமாறுதலோ மூன்று மாதம் வரையிலான விடுப்போ அளிக்குமாறு குழு பரிந்துரைக்கலாம். ஒரே கிளினிக்கில் இடமாறுதலுக்கு ஏது இடம்? புகார் கொடுத்தவரை வீட்டில் இருக்கச் சொல்வது அவருக்கே தண்டனையாகிவிடும் என்று கருதி, அந்த மருத்துவரின் வருகையை நிறுத்திவைத்திருக்கிறேன்.

புகாரின் உள்ளடக்கத்தை வெளியிட 16ஆவது பிரிவு தடைவிதிப்பதால், விவரங்களைக் கேட்க வேண்டாம். விசாரணை 90 நாட்களுக்குள் முடியவேண்டும். அறிக்கையின் பரிந்துரைகளை நிறைவேற்ற எனக்கு 60 நாள் அவகாசம் உண்டு.